டாக்டர்தான் கொலைகாரன் என்று யார் சொன்னது?

சிதம்பரம் லால்கான் தெருவில் பேராசிரியர் குலாம் முகம்மதுவின் வீட்டுக் கதவை மரிய அருள் தட்டியபோது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிகூட ஆகவில்லை. கடலூரிலிருந்து அவரை ஏற்றிவந்த பஸ், ஆலப்பாக்கத்தில் கால் மணி நேரமும் பி.முட்லூரில் கால் மணி நேரமும் நின்று, அவர் பொறுமையில் மிச்சம்மீதி இருந்ததையும் துடைத்து எடுத்திருந்தது. அறுபத்திரண்டு வயது, கையில் ஒரு மஞ்சள் பை. உட்காருங்கள் என்று சொல்வதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டார்.

“என் மச்சான் மேல கேஸ் போடணும் சார். அவன்தான் திருடன்னு எனக்குத் தெரியும். ஆதாரத்த மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க.”

குலாம் முகம்மதுவுக்கு அவசரப்படுகிற வழக்கம் கிடையாது. கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் இருபத்திரண்டு வருஷம், பரீட்சையில் காப்பி அடித்த பிள்ளைகளை விசாரிக்கும் குழுவில் உட்கார்ந்தவர். இரண்டு விடைத்தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் மரிய அருளின் பழைய ஆபீஸ் நண்பர் செந்தமிழ்செல்வன் இங்கே அனுப்பியிருந்தார்.

பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவள் நஜியா, பேராசிரியரின் அண்ணன் மகள். சிதம்பரம் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அன்றைக்கு வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்திருந்ததால் சாச்சா வீட்டுக்கு வந்திருந்தாள். திருட்டு என்று காதில் விழுந்ததும் அவள் முகம் பிரகாசமானது மரிய அருளுக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே ஒரு குடும்பமே ரெண்டுபட்டுக் கிடக்கிறது, இந்தப் பெண்ணுக்குத் தேர்த் திருவிழாப் பார்க்கிற சந்தோஷம்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் மரிய அருள். வேலை போக மிச்ச நேரத்தில் நாற்பத்து மூன்று மாத நாவல் எழுதியவர். திரைக்குப் போனது அதில் ஒன்றே ஒன்று, 1993-இல் வந்த ‘மணி அடிக்காத மதியம்’. கதை என்ன என்று பேராசிரியர் கேட்டதுதான் தாமதம், வந்த கோபத்தைக்கூட மறந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடலூர் முதுநகரில் ஒரு விசைப்படகு முதலாளி. அவருக்கு மனைவி, ஒரே மகள். நாள், பெரிய வெள்ளிக்கிழமை. ஆண்டவர் இறந்த நாள் என்பதால் அன்றைக்கு மாதா கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள். எப்படி என்று மேஜையிலேயே விரலால் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. இதற்குள் நஜியா டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பனாற்றின் அக்கரையில் நிற்கிற படகில் முதலாளி பிணமாகக் கிடக்கிற இடத்துக்கு வந்தார். குடும்ப டாக்டர் பொன்னுரங்கம், வடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், போலீஸிடம் சொல்கிறார்: மதியம் கோயில் மணி அடித்தபோது நான் கிளினிக்கில் இருந்தேன். அவ்வளவுதான், ஆள் அவுட். தினம் மதியம் கேட்கிற மணி அன்றைக்கும் அடித்திருக்கும் என்று நினைத்துவிட்டார். உள்ளூர்க்காரன் எவனும் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டான்.

நல்ல முடிச்சு என்று பேராசிரியர் தலையாட்டினார். அந்த நல்ல முடிச்சு அச்சில் வரவில்லையே என்பதுதான் மரிய அருளின் முப்பது வருஷ வயிற்றெரிச்சல். டாக்டரைக் கொலைகாரனாக்கினால் வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லி, கார் டிரைவர் அந்தோணியைக் கொலைகாரனாக மாற்றி அச்சடித்துவிட்டார். ஆசிரியரின் மாப்பிள்ளை டாக்டர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மாதா கோயில் பங்கிலேயே பிறந்து அங்கேயே ஞானஸ்நானம் வாங்கிய அந்தோணி, பெரிய வெள்ளியன்று மணி அடித்தது என்று உளறுவானா? கடலூரில் பாதிப் பேர் அவரைக் கேட்டுவிட்டார்கள்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1997-இல் எடுத்த படத்தில் டிரைவர் வேஷத்தில் கதாநாயகனே நடித்ததால் கொலைகாரன் வக்கீல் ஆனான். நஜியா நிமிர்ந்து பார்த்தாள். அதோடு விட்டார்களா, பெரிய வெள்ளிக்கிழமை கோயில் மணி டாண் டாண் என்று அடிக்க, புறாக்கள் பறக்க, கதாநாயகி படியில் ஓடிவந்தாள். மணி அடிக்காததுதான் கதையின் உயிர். படத்தில் அது அடிக்காத நேரமே இல்லை. 2008-இல் டி.வி. தொடர். நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடு. முந்நூறாவதில் செத்த முதலாளி எழுந்து வந்து சம்பந்தியோடு சண்டை பிடித்தார். இந்தக் கண்றாவியெல்லாம் பொறுத்துக்கொண்டவர்தான் மரிய அருள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெப் சீரிஸ் வந்தது. எட்டு எபிசோடு, எழுதி இயக்கியவர் இளவரசு என்று ஒருவர். மரிய அருள் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அதில் மணி அடிக்கவில்லை. மரக்கட்டைதான் ஒலித்தது. கடைசியில் கொலைகாரன் டாக்டர். நினைத்த முடிவு திரையில் வந்ததைப் பார்த்து அவருக்கு முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது; அடுத்த நிமிஷமே ரத்தம் கொதித்தது. டாக்டர் என்கிற முடிவு இருந்தது அவர் கையால் எழுதிய இரண்டு நோட்டில் மட்டும்தான். அதைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஆசிரியர் காலமாகிவிட்டார். மிச்சம், மனைவி ஜோதி மேரியின் தம்பி அடைக்கலராஜ். முப்பது வருஷமாக அந்த நோட்டுகள் மச்சான் வீட்டுப் பீரோவில்தான் இருந்தன. மஞ்சக்குப்பத்தில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவர். சென்னை சினிமாக்காரர்களோடு பழக்கம் ஜாஸ்தி. ஜோதி மேரியைச் சந்தேகிக்க வழியே இல்லை. புருஷன் எழுதியதில் ஒரு பக்கம்கூட அவள் படித்ததில்லை, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள்.

ஆகவே மரிய அருள் நேரே ஸ்டூடியோவுக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே மச்சானைத் திருடன் என்று சொன்னார். அடைக்கலராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு நோட்டையும் எடுத்துவந்து கையில் கொடுத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதுதான் வாயடைத்துப் போய்விட்டது என்று மரிய அருள் முடிவு கட்டினார். இனிமேல் என் வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

“ஏன் சார், இதுல அவசரம் என்ன?” என்று பேராசிரியர் கேட்டார்.

அவசரம் ரெபேக்கா. மரிய அருளின் ஒரே பெண். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு ஓலை தாய்மாமன் இல்லாமலே ஆகிவிட்டது. மூன்றாவது, வருகிற ஞாயிறு. மாமா இல்லாமல் நான் கோயில் படி ஏற மாட்டேன் என்று ரெபேக்கா சொல்லிவிட்டாள். ஜோதி மேரி பதினெட்டு நாளாகப் புருஷனோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், உள்ளே போய்விடுவாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன் யோக்கியதைய எல்லாருக்கும் காட்டணும். அப்பதான் என் பொண்ணு வழிக்கு வருவா.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரியான விடைய வச்சு காப்பியப் பிடிக்க முடியாது சார். ரெண்டு பசங்க நாப்பத்திரண்டுன்னு எழுதினா, ரெண்டு பேருக்குமே கணக்கு தெரிஞ்சிருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணியிருந்தாதான் ஒரே பெஞ்சுன்னு அர்த்தம். டாக்டர்ங்கறது சரியான விடை. எனக்குத் தப்பு வேணும்.”

தப்பா, என் கதையிலா என்று மரிய அருளுக்குச் சுருக்கென்றது. நோட்டு, அச்சான புத்தகம், படத்தின் சி.டி. எல்லாவற்றையும் மஞ்சள் பையோடு வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மூன்று நாளும் அவருக்கு வந்தது போன் இல்லை, உபத்திரவம். புதன்கிழமை நஜியா கூப்பிட்டு, படகு முதலாளியின் இரண்டாவது மகள் பெயர் என்ன என்று கேட்டாள். செலின், அவள் எதுக்கு இப்போ, கதைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எரிந்து விழுந்தார். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, நோட்டில் ஏழாவது அத்தியாயம் பிரமாதம் என்றாள். டாக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடத்தில் உப்பனாற்றைத் தாண்டுவதும், ஓடக்காரர் அய்யனார் அதைக் கவனிப்பதும் அந்த அத்தியாயம்தான். சீரிஸில் அது இல்லாததால் டாக்டர் அக்கரைக்குப் பறந்தா போனார் என்று பார்த்தவர்களெல்லாம் கிண்டல் அடித்திருக்கிறார்கள் என்றாள். திருடனுக்கு ரசனை வேறு இருக்க வேண்டுமா என்று மரிய அருள் போனை வைத்தார்.

வியாழக்கிழமை பேராசிரியரே கடலூருக்கு வந்தார். நேரே மச்சான் வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்பார் என்று பார்த்தால், மனிதர் முதுநகர் மாதா கோயிலுக்குப் போய், மணி அடிக்கிற கோயில்பிள்ளையோடு அரை மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, நாளை நாலு மணிக்கு உங்கள் வீட்டில் எல்லாரும் இருக்க வேண்டும், அடைக்கலராஜும் வர வேண்டும், நானே சொல்லிவிட்டேன் என்றார். மரிய அருளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற காட்சிக்குத் திருடன் வேண்டுமே என்று சமாதானப்படுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். ரெபேக்கா அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அடைக்கலராஜ் வாசலுக்கு அருகிலிருந்த நாற்காலியின் நுனியில், எழுந்து போகச் சொன்னால் போய்விடத் தோதாக உட்கார்ந்திருந்தார். மரிய அருள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நஜியா மடியில் தன் குறிப்பு நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

“ஆரம்பிக்கலாம்” என்றார் பேராசிரியர். “சார், கதையச் சொல்லுங்க. முதல் தடவையா யாருக்கோ சொல்ற மாதிரி முழுசா சொல்லுங்க.”

இதென்ன கூத்து என்று மரிய அருள் முறைத்தார். வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். ஆனால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் மறந்துவிட்டது. முதலாளி வந்தார், மனைவி வந்தாள், ஒரே மகள் வந்தாள். மரக்கட்டை மேஜையில் ஒலித்தது. அந்த இடத்தில் ஜோதி மேரி டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்து, முகத்தைப் பார்க்காமலே ஒரு டம்ளரை அவர் முன் வைத்தாள். அவர் குடித்துவிட்டுப் படகில் கிடந்த பிணத்துக்குப் போனார். டாக்டர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோது அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சந்தோஷம்.

“எத்தனை நஜியா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“மூணு சாச்சா. செவ்வாய்க்கிழமை வந்த அதே மூணு.”

பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “முதல் தப்பு. நோட்டுல முதலாளிக்கு ரெண்டு பொண்ணு. அச்சுலயும் ரெண்டு. சீரிஸ்ல ஒண்ணுதான். நீங்க சொல்றப்பவும் ஒண்ணுதான் சார். செலினுக்குக் கதையில வேலை இல்ல, அதனால ஒவ்வொரு தடவையும் மறந்துடறீங்க.”

மரிய அருள் வாயைத் திறந்தார்.

“ரெண்டாவது, ஓடம். நோட்டப் பாத்து எழுதினவன் அந்த அத்தியாயத்த விடுவானா? கதையிலேயே நல்ல இடம் அது. விட்டதால சீரிஸ்ல பெரிய ஓட்டை விழுந்து ஊரே சிரிக்குது. அவன் அத விடல. அவனுக்கு அது கிடைக்கவே இல்ல. நீங்க சொல்றப்ப அந்த இடத்துலதான் டீ வருது. குடிச்சிட்டு நேரா பிணத்துக்குப் போயிடறீங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்.”

ஜோதி மேரி தட்டைக் கீழே வைத்தாள்.

“மூணாவது மரக்கட்டை. நோட்டுல ‘மரக்கட்டை ஒலித்தது’, அவ்வளவுதான். கோயில்பிள்ளையக் கேட்டேன். கடகடன்னு நிறுத்தாம தட்டுவோம், கணக்கெல்லாம் கிடையாதுன்னார். சீரிஸ்ல மூணு தட்டு, நிறுத்தி ஒண்ணு. அது கோயில்லயும் இல்ல, புத்தகத்துலயும் இல்ல. உங்க விரல்ல இருக்கு.” பேராசிரியர் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “இது பாத்து அடிச்ச காப்பி இல்ல சார். காதால கேட்டு அடிச்ச காப்பி. உங்க மச்சான் குடுத்திருந்தா நோட்டுல இருக்கறது வந்திருக்கும். வந்தது உங்க வாய்ல இருக்கறது.”

மரிய அருள் விடவில்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை என்றார். சொன்னது தனக்கே பலவீனமாகக் கேட்டதால் இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஜோதி மேரி வாயைத் திறந்தாள். “யாருக்குத்தான் சொல்லல? நான் ஒரு பக்கம் படிச்சதில்ல. டாக்டர்தான் கொன்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? தானே புயலுக்கு ரெண்டு மாசம் முந்தி மெட்ராஸ்லேருந்து மூணு பசங்க வந்தாங்களே, மறந்துட்டீங்களா? புத்தகம் தரேன்னீங்க. படிக்கறதுக்கெல்லாம் எங்களுக்கு டைம் இல்ல சார், கத வாயால சொன்னாதான் சினிமா தெரியும்னாங்க. சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கினு இருந்தீங்க. நாலு தடவ டீ போட்டேன். அப்பறம் ஒரு போன் உண்டா?”

நஜியா தன் போனில் இளவரசுவின் போட்டோவை எடுத்து நீட்டினாள். ஜோதி மேரி ஒரு தடவைதான் பார்த்தாள்.

“இந்தப் புள்ளதான். வஞ்சிர முள்ளு தொண்டையில மாட்டி, வெறும் சோத்த உருட்டி நான்தான் முழுங்க வச்சேன். தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.”

சினிமாவில் கதையைப் படிப்பதில்லை, கதை ‘சொல்ல’த்தான் கூப்பிடுவார்கள் என்பது மரிய அருளுக்குத் தெரியாத விஷயமா? படத்துக்கும் சொன்னார், டி.வி.க்கும் சொன்னார், வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அச்சில் வந்த டிரைவர் முடிவைச் சொல்ல வெட்கம். அதனால் ஒவ்வொரு தடவையும் டாக்டர் முடிவைத்தான் சொல்லியிருக்கிறார். ஒளித்து வைத்த ரகசியம் என்று அவர் நினைத்ததை முப்பது வருஷமாக ஊர் ஊராகத் தண்டோரா போட்டிருக்கிறார்.

நஜியா நோட்டீஸ் பற்றி ஆர்வமாகப் பேச ஆரம்பித்தாள். வந்து உட்கார்ந்து கதை கேட்டதற்குச் சாட்சி இருக்கிறது, மூன்று தப்பும் ஆதாரம், இளவரசு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். மரிய அருளுக்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. இருபது நாள் பிடித்த கோபம் இறங்க இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது. அது கடைசியில் பழைய ஆளின் மேலேயே போய் விழுந்தது.

“நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?”

அடைக்கலராஜ் நிதானமாகவே பதில் சொன்னார். “நானே உங்க வாயால பத்து தடவ கேட்டிருக்கேன் மாமா. கேட்டவன் எவனோதான்னு அன்னிக்கே தோணுச்சு. கடையில அத்தன பேர் இருந்தாங்க. நீங்கதான் ஒளறினீங்கன்னு அவுங்க முன்னால சொல்ல எனக்கு மனசு வரல.”

ரெபேக்கா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மரிய அருளால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. நாற்பத்து மூன்று நாவலில் எத்தனை பேரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார், பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறார். இப்போது அதில் ஒரு வரிகூட உதவவில்லை. எழுந்து போய் மச்சானின் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

“நாளைக்கு மூணாவது ஓலை” என்றார். “இதுக்காவது வந்துடு, மச்சான்.”

அடைக்கலராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் ரெண்டுக்கும் வந்தேன் மாமா. நீங்க பாத்துட்டா பூசையில பாதியில எழுந்து போயிடுவீங்களோன்னு கடைசித் தூணுக்குப் பின்னால நின்னேன். பாப்பா பேர வாசிச்சதும் கெளம்பிட்டேன்.”